இரண்டரைச் சுண்டு

அன்னப்பூரணி தராசில் ஏறியபோது கிளினிக்கில் இருந்த தாய்மார் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மரியாதைக்குத்தான். பதினெட்டு வருடமாக அவர்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்த மருத்துவிச்சி அவள். முள் எண்பத்தாறில் போய் நின்றது.

"மிஸ்ஸி," என்றார் டொக்டர், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி. "சீனி கூடிப்போய்க் கிடக்கு. இந்த நிலையில உங்களைக் கரடியனாறுக்கு விட ஏலாது. அங்க ஸ்கூட்டர் போகாத இடமெல்லாம் வரம்பால நடக்க வேணும். மார்கழி நடுவில திரும்பப் பாப்பம். ஆறு கிலோ குறைச்சு, சீனியையும் இறக்கினா அனுப்புறன். இல்லாட்டி இஞ்சயே இருங்க. பதிவு எழுத ஆள் வேணும்."

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு புரட்டாசி. யுத்தம் முடிந்து நாலு மாதம். வாவிக்கு மேற்கே கரடியனாறு போல மருத்துவிச்சி இல்லாத ஊர்களுக்கு ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி ஓடிவந்து கூடாரங்களில் கிடந்தபோது, அவள் கையில் பதினொரு பிள்ளைகள் பிறந்தன. சனம் ஊர் திரும்பியதும் பிள்ளைகளும் போய்விட்டன. அந்தப் பதினொன்றையும் ஒருதரம் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எதுவும் அவளுக்கு மிச்சமில்லை.

கிளினிக்கில் கொடுத்த உணவுத் தாளை அவள் குசினிச் சுவரில் ஒட்டினாள். காலையில் ஓட்ஸ், பத்து மணிக்கு அரை அப்பிள், மதியம் அவித்த மரக்கறி, நாலு மணிக்கு ஆடை நீக்கிய பால். அவளோடு வேலை செய்த ஸாலிஹா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். காத்தான்குடிப் பக்கம் பார்க்கிற மருத்துவிச்சி ஸாலிஹா. அன்னப்பூரணிக்குப் பத்து வயது இளையவள். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

"பத்து மணிக்கு எங்க அக்கா நிப்பீங்க?"

"ஆரையம்பதியில, ஆற்றயும் வீட்டுல."

"அங்க பிள்ளத்தாச்சி கத்தக்குள்ள நீங்க அப்பிள் வெட்டுவீங்களோ?"

ஒரு கிழமைதான் அந்தத் தாள் தாங்கியது. ஓட்ஸ் அடுப்பில் பொங்கி வழிந்தது, அப்பிள் பைக்குள் தடுப்பூசி அட்டைகளோடு நசிந்தது. பிறகு அன்னப்பூரணி மத்தியானச் சாப்பாட்டையே விட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு வீட்டு வாசலில் தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டார் பதறிப்போய் அவளை இருத்தி, பிட்டும் மீன் குழம்பும் வாழைப்பழமும் தந்து, முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். போகிற வீட்டிலெல்லாம் அதே கதைதான். பிள்ளை பார்க்க வந்த மிஸ்ஸி கை நனைக்காமல் போனால் அந்தப் பக்கத்தில் அது பெரிய குறை. ஒரு மாதம் முடிந்தபோது முள் எண்பத்தேழுக்கு வந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் அன்னப்பூரணியின் ஸ்கூட்டர் பழுதாகி, ஸாலிஹா அவளை ஏற்றிப்போகக் காலையில் ஆறு மணிக்கே கல்லடிக்கு வந்தாள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் பழைய வீடு நின்ற அதே வளவில் கட்டிக்கொடுத்த வீடு. அவள் மட்டும்தான் அதில். தேத்தண்ணி ஊற்றுவோம் என்று ஸாலிஹா குசினிக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்தாள்.

"அக்கா! ஆரும் விருந்தாள் வாறாங்களோ?"

"இல்லையே."

"அப்ப ஆருக்கு இவ்வளவு சோறு?"

அன்னப்பூரணி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினாள். கழுவிய பெட்டியையே திரும்பவும் கழுவினாள்.

"எவ்வளவு போட்டீங்க?"

"இரண்டரைச் சுண்டு," என்றாள் அன்னப்பூரணி, அரிசி அளக்கிற சின்னத் தகரப் பேணியைக் காட்டி. "அளக்கக்குள்ள கை அப்படித்தான் போகுது, புள்ள. குறைச்சு அளந்தா என்னவோ செய்யுது."

"அம்புட்டையும் தின்றீங்களா?"

"மத்தியானம் கொஞ்சம், ராவைக்குக் கொஞ்சம். மிஞ்சினதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சு விடியச் சாப்பிடுவன். சோத்தை எப்படி வெளிய கொட்டுற?"

இவ்வளவு காலமும் இது யாருக்கும் தெரியாது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய, ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று அவள் இரண்டரைச் சுண்டு போட்டு உலை வைத்து இறக்கிவிட்டுத்தான் பாலம் தாண்டி நகரத்துக்குப் போனாள். புருசன் இராசதுரையும் பிள்ளைகள் பிரஷாந்தியும் வினோஜனும் அப்போது நித்திரை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பானையும் இல்லை, அவர்களும் இல்லை.

ஸாலிஹா பானையை மூடினாள். தரையில் சப்பணமிட்டு இருந்தாள். "இரண்டரையில ஆருக்கு எவ்வளவு, அக்கா?"

"அவருக்கு ஒண்டு. பிள்ளையள் ரெண்டுக்கும் சேத்து ஒண்டு."

"உங்களுக்கு?"

"அரை."

"அப்ப அரைதானே உங்கட. மத்தது அவங்கட பங்கு." ஸாலிஹா நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு வரிசமா அவங்கட பங்கை நீங்க ஏன் தின்றீங்க?"

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. சவர்க்காரக் கையால் முகத்தைத் துடைத்து, கண் எரிந்து, இன்னும் அழுதாள். ஸாலிஹா எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அளக்கிறத அளங்க," என்றாள், செம்பைத் திரும்ப வாங்கியபடி. "உலையில போட வேணாம். எங்கட உம்மா அரிசி கழுவ முதல் ஒரு பிடி பள்ளிவாசலுக்கெண்டு எடுத்து வெப்பா. நீங்களும் கோயிலுக்கு வெப்பீங்கதானே?"

"வெச்ச நான். அதுக்குப் பிறகு வெக்கல்ல. கோயில் அம்மாளோட கதை பேச்சில்ல."

"கோயிலுக்குக் குடுக்காட்டிப் போங்க. சும்மா எடுத்து வெயிங்க. மறுகா யோசிப்பம்."

அடுத்த நாள் விடிய அன்னப்பூரணி வழமைபோல் அளந்தாள். அவருக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு ஒன்று. இரண்டையும் நிவாரணத்துக்குத் தந்த மூடிபோட்ட நீல வாளிக்குள் கொட்டினாள். அரைச் சுண்டு மட்டும் உலைக்குப் போனது. பெரிய பானையில் அது அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததால், பின்னேரம் சின்னச் சட்டி ஒன்று வாங்கினாள். சோறோடு மீன், ஒரு சுண்டல், ஏதாவது கீரை. எல்லாம் அவள் எப்போதும் சமைக்கிறவைதான்.

வீடுகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டும் கை நனைப்பது, மற்ற வீடுகளில் சீனி போடாத தேத்தண்ணி. யார் வீட்டில் என்று சண்டை வந்தபோது கொப்பியில் முறை எழுதினாள். தடுப்பூசித் திகதியை மறந்த தாய்மார்கூட அந்த முறையை மறக்கவில்லை.

ஸாலிஹா கிளினிக்கிலிருந்து பிள்ளைகளின் நிறை அட்டை ஒன்றை எடுத்து, ஓரத்து எண்களை வெட்டி எண்பது, எண்பத்தொன்று என்று எழுதி, அன்னப்பூரணியின் பெயரைப் போட்டுவைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புள்ளி.

"கோடு இறங்குதே. இது வளராத பிள்ளை," என்றாள் அன்னப்பூரணி.

"அட்டையைத் தலைகீழாப் பிடிங்க அக்கா. நல்லா வளருது."

மார்கழி நடுவில் முள் எண்பத்தொன்றில் நின்றது. அன்னப்பூரணி மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"ஒரு கிலோ மிச்சம் கிடக்கு மிஸ்ஸி," என்றார் டொக்டர்.

"அது அக்காட கொண்டையும் செருப்பும், டொக்டர்," என்றாள் பின்னால் நின்ற ஸாலிஹா.

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். சீனி இறங்கியிருந்தது. அவர் தாளை மடித்தார். "இப்படியே விடாமச் செய்வீங்களா?"

"இது எனக்குக் கஷ்டமில்ல, டொக்டர்."

"அப்ப தை முதலாம் கிழமை வெளிக்கிடுங்க."

அதற்குள் வாளி நிரம்பி, அரிசி சாக்குக்கு மாறியிருந்தது. சுனாமி வந்த நாளான மார்கழி இருபத்தாறாம் திகதி அன்னப்பூரணி முற்றத்தில் மூன்று அடுப்பு மூட்டி அதைச் சமைத்தாள். அந்த ஒழுங்கையில் ஆளை இழக்காத வீடில்லை. எல்லாரும் வந்தார்கள். கோயிலுக்கு மட்டும் ஒரு பெட்டி அரிசி அனுப்பினாள், பெயர் சொல்லாமல். ஸாலிஹாதான் அவளுக்குப் பரிமாறினாள்.

"இது அரைச் சுண்டா?"

"இண்டைக்கு அவங்களோட இரிந்து சாப்பிடுறீங்க. பேசாமத் தின்னுங்க."

தையில் கரடியனாற்றுக்குப் போன முதல் நாள், ஸ்கூட்டரை வீதியில் விட்டுவிட்டு வரம்பால் ஒரு மைல் நடந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. கூடாரத்தில் பிறந்தவர்களில் முதலாமவனின் வீடு அது. வாசல் மரக்கிளையில் தராசைக் கட்டி, அவனைத் தூக்கிப் போட்டாள். காலை உதறிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து ஊரே கேட்கக் கத்தினான்.

"கத்து மனே, கத்து," என்றாள் அன்னப்பூரணி, முள் அடங்கும்வரை அவன் காலைப் பிடித்துக்கொண்டு. "நானும் தராசில ஏறித்தான் உன்னட்ட வந்த நான்."