முப்பத்தோராம் மரத்து விண்மீன் திரள்

ஒரு விண்மீன் திரளைக் கண்டுபிடித்து, அதை இரண்டாந்தரத்தில் தள்ளிய ஒரே மனிதர் இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து யோகராஜ்தான். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்து வாசலில் ஒவ்வொரு ஷீட்டையும் வெயிலுக்குப் பிடித்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. தன் நேர்ப்பார்வைக்குத் தப்பியது எதுவும் இல்லை என்பார். 2023 ஆவணியில் ஒரு ஷீட்டில், கண்ணாடியில் தங்கிய மூச்சு போல முட்டை வடிவில் மங்கலான வெளிச்சம் தெரிந்தது. கறை என்று எழுதினார். அந்த நேரம் யாரையோ ஏசத் திரும்பியிருந்ததை மட்டும் அவர் சொல்வதில்லை.

வெளிச்சம் வந்தது முப்பத்தோராம் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையிலிருந்து. அந்த மரத்தில் பால் வெட்டுவது அவர் மனைவி விஜயகலா. பள்ளிக்கூடத்து டீச்சர் பிரஷாந்தினி வந்து பார்த்து, அது விண்மீன் திரள்தான், உள்ளே எல்லாம் கிழட்டு நட்சத்திரங்கள், புதிதாக எதுவும் பிறப்பதில்லை, நேரே பார்த்தால் தெரியாது என்றார். பால் வெட்டும் பெண்களுக்கு இது முன்பே தெரியும். அந்த மரத்தடிக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் கழுத்துச் சுளுக்கா?" என்று சிரித்தார் யோகராஜ்.

"நேரா பாத்தா ஓடிரும்ங்க. பக்கத்து மரத்தப் பாக்குற மாதிரி பாருங்க," என்றாள் விஜயகலா.

"நான் என்ன கோழியா, ஒத்தக் கண்ணால பாக்க? பிஸ்ஸு புடிச்ச பைத்தியக்காரச் சனம்!"

ஐப்பசி மழை விட்டுப் பால்வெட்டுத் தொடங்கியபோது விஜயகலா மங்கிக்கொண்டிருந்தாள். முதலில் விரல்கள் போயின, பிறகு முழங்கை. கத்தி தானாக மரத்தில் இறங்கியது, பால் வழக்கம்போல் வடிந்தது. கங்காணி கூப்பிட்டால் குரல் வந்தது, ஆகவே அன்றைய கூலிக்குப் பேரும் விழுந்தது. யோகராஜ் முறைத்துப் பார்க்கப் பார்க்க அவள் குறைந்தாள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வெறும் நாற்காலிக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் இப்புடியே பாத்தீங்கன்னா நான் இருக்கவே மாட்டேங்க," என்றது அடுப்படிக் குரல்.

அன்று மதியம் சோற்றுத் தட்டு தானாக நகர்ந்து வந்தது. யோகராஜ் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு முகத்தைத் திருப்பி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

கண்ணோரத்தில் அவள் முழுசாக உட்கார்ந்திருந்தாள், விரல்களோடு.

"உப்பு போதுமாங்க?"

"போதும்," என்றார் காலண்டரிடம்.

இப்போது அந்தக் காலண்டரின் போயா நாட்கள், வருடத்துப் பௌர்ணமி விடுமுறைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.