முதல் பெட்டி இலவசம்

அப்பா வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து வைதேஹிக்குக் கை கால் ஓடவில்லை.

ஸ்டீவனைக் கல்யாணம் செய்துகொண்டு மணவாள நகருக்குக் குடிவந்து நாலு வருஷம். திருவள்ளூர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்யும் சடகோபன், கூப்பிடு தூரத்தில் இருக்கும் மகள் வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. இன்று காலையில் அவரே போன் செய்தார். "மத்தியானம் வரேம்மா." அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் அழுது முடித்த பிறகுதான் அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

மாமியார் ஞானம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எழுந்து நடக்கத் தெம்பில்லை. கறி சூப் வைத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானம்மாதான் ஒப்பவில்லை.

"உங்கப்பா ஒருநாள் இந்த ஊட்டுக்கு வருவாரு கண்ணு. கவுச்சி வாடை அடிச்சா வாசலோட திரும்பிப் பூடுவாரு. நான் ரசஞ்சோறு துன்னுகினே தேறிக்கிறேன்."

ஸ்டீவனுக்கும் அம்மா போட்ட அதே சட்டம்தான். கறி வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் கம்பெனியின் கேண்டீனோடு சரி.

மெலிந்துகொண்டே போகும் அத்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வைதேஹியால் முடியவில்லை. கறிக்கடை வாசலில் போய் நிற்கவும் கால் வரவில்லை. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. உயர்ரக இளங்கறி, வெளிநாட்டு மூலிகையோடு, வீட்டுக்கு ஒரு பெட்டி, முற்றிலும் இலவசம். சும்மா வந்த பொருளைத் திருப்பி அனுப்ப அத்தைக்கு மனசு வராது என்று நினைத்துப் பதிவு செய்தாள். அது வருகிற நாளும் இன்றுதான். காலையிலிருந்து தேதியை மாற்றப் பார்த்தாள். இலவசப் பெட்டிக்கு அந்த வசதி இல்லையாம்.

சடகோபன் துணிப்பையோடு கேட்டைத் திறந்தபோது, அவர் பின்னாலேயே பைக்கும் வந்து நின்றது.

"வைதேஹி மேடம்? கங்கிராட்ஸ்! உங்க ஃப்ரீ மட்டன் பாக்ஸ்!"

தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"அது எங்களுது இல்ல நைனா!" உள்ளேயிருந்து ஞானம்மா கத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேவிட்டாள். "அட்ரஸ் மாறி வந்துகினு இருக்கே. எட்த்துகினு போ!"

"பேரு, நம்பர் எல்லாம் கரெக்ட்டா இருக்கு பாட்டி."

"யார்ரா பாட்டி? உங்கம்மா வயசு எனுக்கு!"

ஒரு பொய் போதும். அப்பா உள்ளே வந்துவிடுவார். வைதேஹி திரும்பி அத்தையைப் பார்த்தாள். சுவரில் ஊன்றிய அந்தக் கை, எலும்பும் தோலுமாக இருந்தது.

"என்னோடதுதாம்பா. நான்தான் வரவழைச்சேன். சூப் குடிச்சு அத்தை உடம்பு தேறணும்."

சடகோபன் துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒரே ஒரு போட்டோ மேடம். ஃப்ரீ பாக்ஸுக்குக் கம்பல்சரி. கொஞ்சம் சிரிங்க."

பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வரவில்லை. பைக் போனபோது அப்பாவும் இல்லை. கேட் சத்தமில்லாமல் சாத்தியிருந்தது.

"கெட்துக்கினியேடி, பாவி! நாலு வருசம் காத்துகினு இருந்தது இதுக்கா?" ஞானம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழாதீங்க அத்தை. எப்படிக் கழுவறதுன்னு சொல்லுங்க."

பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே சிவப்புத் துண்டுகள். மேலே ஒரு பச்சைக் கொத்து.

"இது இன்னாடி, துளசியா வச்சிருக்கான்?"

"ஏதோ வெளிநாட்டுத் தழை அத்தை."

"அதத் தூக்கிப் போடு. மஞ்சளப் போட்டு அலசு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அலசினாள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் என்று ஞானம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லச் சொல்லப் போட்டாள். குக்கர் இறங்கியது. ஊதி ஊதிக் குடித்த ஞானம்மாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "உப்பு பத்தல" என்றவள், காலி டம்ளரை மறுபடி நீட்டினாள்.

தலைக்குக் குளித்து வேறு புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள் வைதேஹி. எதிர் டீக்கடை பெஞ்சில், மடியில் பையோடு சடகோபன் உட்கார்ந்திருந்தார்.

ஓடினாள். "போகலையாப்பா?"

நீர் சொட்டும் மகளின் கூந்தலைப் பார்த்தார். "அவா குடிச்சாளா?"

தலையை மட்டும் ஆட்டினாள். "உள்ளே வாங்கோப்பா."

"இன்னிக்கு முடியாதும்மா." பையை நீட்டினார். "புளியோதரை. பெருமாள் அமுது செஞ்ச பிரசாதம். கவுச்சி சாப்பிட்டவா இன்னிக்குத் தொட வேண்டாம். நாளைக்குக் காலம்பற குளிச்சப்புறம் அவாளுக்கும் கொடு. கெட்டுப்போகாது."

மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ரயில்வே கேட் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குள் ஞானம்மா கேட்டாள். "ரொம்பத் திட்னாரா?"

"இல்ல அத்தை. நாளைக்கு உங்களுக்கு நாஷ்டாவுக்குக் கோயில் புளியோதரை கொடுத்தனுப்பியிருக்கார்."

ஞானம்மா பையையே பார்த்தாள். பிறகு, சர்ச்சில் ஜெபத்துக்கு நிற்கும்போது செய்வதுபோல, முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.