மூன்று வெட்டுப் போட்ட கட்டை

மூன்று வெட்டுப் போட்ட கட்டை விறகு அடுக்கில் இல்லை. ஹால்வர் கையுறையைக் கழற்றி மேல்வரிசை முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டார். போயே போய்விட்டது. தங்கம் தேடி வந்தவர்கள் குடியேறிய டாசன் ஊரில் விறகுத் திருடனுக்கு எல்லோரும் வைக்கிற பொறிதான். கட்டையில் துளை போட்டு, வெடிமருந்தைத் திணித்து, களிமண்ணால் அடைத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவது. எவன் வீட்டு அடுப்பு வெடிக்கிறதோ அவன்தான் கள்ளன். தங்கம் தோண்டிய நாளில் மிச்சமான மருந்து பதினான்கு வருடமாகச் சும்மா கிடந்தது. ஊருக்கே விறகு வெட்டிப் போடுகிறவர், தவறி அதையும் யாருக்காவது விற்றுவிடக் கூடாதே என்றுதான் கோடாரியால் மூன்று வெட்டு.

பொறியில் ஆள் சிக்கிவிட்டான் என்று குதித்திருப்பார். ஆனால் பனியில் பதிந்திருந்த தடம் தெரிந்த ஆளுடையது. இடது கால் நேராக, வலது கால் இழுத்து இழுத்து. பழைய கூட்டாளி டொனல்; அந்த வலது காலில் விரல்களே கிடையாது. குளிரில் கருத்துப்போன அந்த விரல்களை ஓடைக்கரைக் கூடாரத்தில், டொனலின் வாயில் தோல்வாரைக் கொடுத்துவிட்டு, வெட்டி எடுத்ததே ஹால்வர்தான். நான்கு வருடம் ஒரே குழியைத் தோண்டி, இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றும் காணாமல் திரும்பியவர்கள். பாவி, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? ஆனால் கேட்க மாட்டான். ஊர்க்கதையெல்லாம் பேசுவான், இதற்கு மட்டும் வாய் வராது.

ஓடினார். மூச்சு மீசையில் உறைந்தது. ஊர்க்கோடியில், டொனலின் குடிசைப் புகைபோக்கியில் புகை. ஒரு வாரமாக அதில் புகையே இல்லாததை, தினமும் விறகு வண்டியோடு அந்த வழியே போயும், கவனித்ததில்லை. இப்போது அந்தப் புகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கதவைத் தட்டவும் இல்லை, தள்ளினார்.

"அடுப்புல எத்தனை கட்டைடா போட்ட?"

டொனலின் முகம் சிவந்துபோனது. "திட்டுறதுன்னா உக்காந்து திட்டு. ரெண்டுதான்டா எடுத்தேன்."

"ரெண்டையும் போட்டுட்டியா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணைப் போட மனசு வரல." அடுப்பை ஒட்டி நிமிர்த்தி வைத்திருந்த கட்டையைக் காட்டினார். அதன்மேல் காபிக் கோப்பை இருந்தது. "நம்ம குழிக்கு நட்ட எல்லைக் கம்புல போட்டியே, அதே மூணு வெட்டு. உன் கை இன்னும் மறக்கலயேடா!"

ஹால்வர் கிட்டே குனிந்து பார்த்தார். சூட்டில் பட்டை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. களிமண் காய்ந்து கீறல் விட்டிருந்தது. கோப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கட்டையை மெல்லத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"டேய், அதை மட்டும் விட்டுட்டுப் போடா."

"ஒரு வண்டி விறகு கொண்டாந்து போடுறேன்."

"வண்டி விறகு எவனுக்கு வேணும்? அதை எதுக்குடா தூக்கிட்டுப் போற?"

ஹால்வர் கட்டையோடு வாசலைத் தாண்டினார். வெளியே வந்து ஆற்றை நோக்கி நடந்தார். பாதி வழியில்தான் திரும்பிப் பார்த்தார். குடிசை வாசலிலிருந்து அவர் காலடி வரைக்கும் வெள்ளைப் பனிமேல் கருப்புத் தூள் ஒரு கோடாகச் சிந்தியிருந்தது. வாசலில் டொனல் குனிந்து, அதில் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.