வந்தால் வா

ஜவுளிக் கடைக்கு முப்பது வருடம் கொள்முதல் செய்தவன் நான். மனசுக்குப் பிடித்த சரக்கைக் கடைக்கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, வேண்டாதவன்போலச் செருப்பை மாட்டுவது எனக்குக் கைவந்த கலை. மகளையும் அப்படித்தான் கூப்பிட்டுத் தொலைத்தேன்.

"பழைய துறைமுக ஊரெல்லாம் வேன்ல சுத்தப் போறேன். கூடாரமும் இருக்கு. வந்தா வா, வராட்டியும் ஒண்ணுமில்ல."

"சரிப்பா, பத்திரமா போய்ட்டு வாங்க" என்றாள். நர்ஸ் வேலை பார்க்கிறாள். பத்து வயதிலேயே அவள் அம்மாவோடு தனியாகப் போய்விட்டவள்; எங்கள் வியாபாரப் பேரமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? மறுபடி கூப்பிடுவாள் என்று நானும் முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் ஊரில் கோட்டைச் சுவருக்குள் நண்டுகள் குடித்தனம் நடத்தின. அடுத்த ஊரில் கிடங்குகளின் கூரையைக் கடல்காற்று எப்போதோ தின்றிருந்தது. "இதைப் பாரேன்" என்று திரும்பினால் பக்கத்தில் யாருமில்லை.

மூன்றாவது ஊரில், பழைய கலங்கரை விளக்கத்தின் கீழ் இருந்த முகாமில் கூடாரத்தை விரித்தேன். இந்த முனையில் ஆணி அடித்தால் அந்த முனை எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன் சார் அதோட மல்லுக்கட்டுறீங்க? கூட வந்தவங்க எங்க?"

"பின்னாடி வர்றாங்க."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்களாம். நீங்க அன்னிக்குத் தங்கின முகாமைப் பாக்குறது என் தங்கச்சி."

அசடு வழிந்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டே முழுக்கதையையும் கறந்துவிட்டார்.

"இதுக்குப் பேரு கூப்பிடுறதா? முகத்துல கதவைச் சாத்துறது சார். இப்பவே போனைப் போடுங்க."

போட்டேன்.

"நீ வந்திருக்கலாம்மா."

"வராட்டியும் ஒண்ணுமில்லன்னீங்களேப்பா! நாலு நாள் லீவு போட்டு வச்சிருந்தேன். நீங்க அப்படிச் சொல்லவும், கூட வேலை பாக்குறவளுக்கு விட்டுக் கொடுத்துட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "அடுத்த மாசம் கிடைக்கும். வரட்டுமா?"

'வாம்மா' தொண்டைவரை வந்தது. முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"உன் சௌகரியம்மா."

"சரிப்பா. வார்டுல கூப்பிடுறாங்க."

வைத்துவிட்டாள். உடனே திரும்ப அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காத அந்தப் போனில் "வாம்மா, வாம்மா" என்று நாலைந்து தடவை சொன்னேன். அப்போது மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது.