கடைசிக் கண்ணி

கணக்குத் தணிக்கை அதிகாரி கொக்கி ஊசியால் குரோஷே பின்னக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய வாரத்திலேயே அவள் வீட்டின் பின்னறை குறுக ஆரம்பித்தது. முதலில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடக்க முடியாமல் போனது. பிறகு அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. மருந்துக்கடை வைத்திருந்த அவள் கணவர் அலமாரியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஈரத்துக்கு மரம் உப்பும், சுவரும் உப்புமா என்று கேட்டார். கட்டிலையும் வெளியே எடுக்க வேண்டி வந்தபோது அவர் மறுபடி கேட்கவில்லை. "வீட்டுக்குள்ளயே ஒரு சந்து வந்துருச்சு. பேரு வைக்க வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அவளுக்குத் தெருவில் வழங்கிய பெயர் சிவப்புப் பேனா. மற்றவர்கள் போட்ட கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம்; அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் மேசையை நோக்கி நடக்கும் ஆண்கள் காரணமில்லாமல் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு, தான் ஒன்றைத் தப்பும் தவறுமாகச் செய்வதை இன்னொருவர் பார்ப்பது என்பது குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு தானாகத் திறந்துகொள்வதைப் போல. அதனால் நாற்பது வயதுக்குப் பிறகு அவள் புதிதாக எதையும் கற்றுக்கொண்டதே இல்லை.

பின்னல், தங்கையின் தொழில். குழந்தைத் தொப்பி, தோள்பை, மேசை விரிப்பு என்று பின்னி விற்றே அவள் தன் குடும்பத்தைப் பாதி தாங்கினாள். அக்கா அதை ஒருநாளும் தொழில் என்று சொன்னதில்லை. 'அவ ஏதோ நூலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா' என்றுதான் விருந்தாளிகளிடம் சொல்வாள். அந்தத் தங்கைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது தங்கியிருந்தது. எழுந்து நடமாடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷன் கப்பலில் வேலை; திரும்ப மாதங்கள் ஆகும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தது அக்கா வீடு ஒன்றுதான். மாதக் கடைசியில் வருவதாக ஏற்பாடாயிற்று. அக்கா பின்னறையை ஒழித்து, புது மெத்தை போட்டாள். மெத்தையை நீவிவிட்டபோதுதான், அதன்மேல் தன் கையால் பின்னிய ஒரு குழந்தைப் போர்வை கிடந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. யார் போட்டது என்று தங்கை கேட்பாள். சும்மா போட்டேன் என்று சொல்லலாம். அது பாசம்தான் என்று நம்பிக்கொள்ள அவள் முயன்றாள். நீ வருஷக்கணக்காகச் செய்வதை நான் பதினைந்து நாளில் செய்துவிட்டேன் பார் என்பதுதான் அதற்கு அடியில் கிடந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரிந்தவர்கள் வராத ஒரு கடைக்குப் போய், வெண்ணெய் நிறத்தில் கம்பளி நூலும் ஒரு கொக்கி ஊசியும் வாங்கி வந்தாள்.

பின்னறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைபேசியில் ஒரு பெண் கற்றுத்தரும் காணொளியைப் பார்த்துப் பின்னினாள். கணவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தை முழுவதும் அணைத்து வைத்திருந்தாள். முதல் நாள்களில் நூலை அவள் இறுக்கிய இறுக்கில் ஊசி உள்ளேயே நுழையவில்லை. சுருக்கு நழுவியது, வெண்ணெய் நிறம் விரல் வியர்வையில் சாம்பல் நிறமானது. பிறகு சங்கிலி வந்தது, சங்கிலிமேல் வரிசை வந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் காணொளிப் பெண் ஓரத்தைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னாள். மரியாதைக்கு ஏதோ பேசுகிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள். உண்மையில், ஓரத்துக் கடைசிக் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, அதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி விட்டுப்போனது. சதுரமாக வர வேண்டியது முக்கோணத்தை நோக்கிப் போயிற்று. வரிசை முடிய முடியச் சுவரும் உள்ளே வந்தது. விரிசல் விடவில்லை, சத்தம் போடவில்லை. நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் நெருங்குவதைப் போல வந்தது. கணவர் அழைத்துவந்த கொத்தனார் சுவரைத் தட்டிப்பார்த்து, காதை வைத்துக் கேட்டு, கட்டடத்தில் குறை எதுவும் இல்லை என்றார். முன்பு ஒரு தலைமையாசிரியர் வீட்டில் சமையலறை இப்படிப் போனதாம். "அவரு ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியிருந்துச்சுங்க. கேக்கல. இப்ப மாடிப்படிக்குக் கீழதான் சமைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போய்விட்டார்.

அன்றைக்கே அவள் போர்வை முழுவதையும் பிரித்தாள். சுவர் திரும்பிப் போகவில்லை. மறுபடி தொடங்கினாள், சுவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சத்தத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்று தோன்றாமல் இல்லை. கட்டைவிரல் பொத்தான்வரை போகும். கூடத்தில் கணவரின் செருப்புச் சத்தம் கேட்கும். விரல் திரும்பிவிடும்.

தங்கை வந்து இறங்கியபோது பின்னறை ஒரு நாற்காலி அகலத்துக்கு வந்திருந்தது. அவள் வாசலில் நேராக நின்று பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். வயிறு நுழையவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"நான் வர்றது உனக்குச் சிரமம்னா போன்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வண்டிக்காரரைப் போகவேண்டாம் என்று சொல்லும்படி அக்காவின் கணவரிடம் கேட்டாள். தனியாக இருந்த வீட்டுக்கே திரும்பிப்போவதாகச் சொன்னாள். அங்கே மூன்று மாடி ஏற வேண்டும்.

அக்காவுக்கு முகம் தீயாய் எரிந்தது. கணவர், வண்டிக்காரர் எல்லோரும் நின்றிருக்க, சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, போர்வையை எடுத்துவந்து தங்கை கையில் வைத்தாள். அழுக்கேறிய, கோணலான முக்கோணம். தங்கை அதைத் திருப்பிப் பார்த்து, விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணிய விட்டிருக்கே. யாருக்கா சொல்லிக்குடுத்தது?"

"போன்ல பாத்தேன்."

"இத அவங்க கண்டிப்பா சொல்லியிருப்பாங்களே."

"சத்தத்த அணைச்சு வச்சிருந்தேன்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அக்கா வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கையிடம் ஒன்று கேட்டாள்.

"எனக்கு வரலடி. நீ சொல்லிக்குடு."

பின்பக்கம் சுவர் ஒரு விரல்கடை விலகியது. வண்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

தங்கை அவர்களுடைய படுக்கையறையில் படுத்துக்கொண்டாள். கணவர் கூடத்துக்குப் போனார். சாய்ந்து படுத்தபடியே அவள் சொல்ல, தலைமாட்டில் உட்கார்ந்து அக்கா பின்னினாள். "விரலத் தளத்துக்கா. நூலு என்ன கைதியா?" என்பாள். நகத்தால் கடைசிக் கண்ணியைத் தூக்கிக் காட்டுவாள். கேட்பது பழகிவிடவில்லை, ஒவ்வொரு முறையும் அக்காவுக்குக் காது சூடானது. விட்ட கண்ணி ஒவ்வொன்றாகச் சேரச் சேர, பின்னறைக்குள் முதலில் நாற்காலி நுழைந்தது, பிறகு கட்டில், கடைசியில் அலமாரி. பெண்குழந்தை சுகமாகப் பிறந்து வீட்டுக்கு வந்தபோது அறை பழைய அளவுக்கு வந்திருந்தது.

ஆனால் அது அங்கே நிற்கவில்லை. விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவள் கடைசிக் கண்ணியில் இரண்டு முறை பின்னிக்கொண்டிருந்தாள். போர்வை விசிறியாக விரிந்தது. ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து, உங்கள் பின்னறை எங்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டது, துணி உலர்த்தும் கொடி சுவருக்குள் போய்விட்டது என்றார். பழைய நாளாக இருந்தால் அவள் வீட்டு வரைபடத்தைக் கேட்டிருப்பாள், அவர் அளந்ததில்தான் தப்பு என்று நிரூபித்திருப்பாள். வாய்வரை வந்ததை விழுங்கினாள். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துவரை சிவந்துபோய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தப்பு என்னுதுதாங்க. நான் இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கேன்."

தையல்காரர் அவள் கையிலிருந்த போர்வையை வாங்கிப் பார்த்தார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஓரம்தான் தகராறு என்றார். வீட்டுக்குப் போய்க் கொடியை ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொண்டார். பெரிதாக ஏதாவது பின்னத் தொடங்குவதானால் முன்கூட்டியே சொல்லிவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.