அறுபத்தாறு டிகிரி

"தண்ணி மாதிரி இருக்கு" என்று நான் சொல்லி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் லாக்லன் பீர் காய்ச்சும் பாத்திரத்தின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டியை இரண்டு முறை கழற்றிப் பூட்டிவிட்டான். கராஜ் தரையில் ஒரு தட்டு நிறையத் திருகுகள். பழைய வெப்ப சென்சார் செய்தித்தாளின் மேல் கிடந்தது. வெளியே எங்கள் ஊர் டனீடினின் செப்டம்பர் மழை, பெய்வதாகவும் நிற்பதாகவும் இல்லாமல்.

லாக்லன் மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். அவன் வீட்டின் பின்னறையில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். பீர் காய்ச்சுவதில் மின்சாரம் அவனுடையது, மூக்கு என்னுடையது. வந்த புதிதில் ஒரு டம்ளரை நீட்டினான். "கிராம்பு வாசனை வருது. ஈஸ்ட் சூடாயிருக்கும்" என்றேன். போய்ப் பார்த்தான், சூடாகித்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் சொல்லாமல் எதுவும் புட்டிக்குள் போவதில்லை. நான் வேலை செய்யும் மண் பரிசோதனைக்கூடத்தில் என் வாக்கியங்கள் பாதியிலேயே நின்றுவிடும், யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கராஜில் மட்டும் ஒருவன் வாயை மூடிக்கொண்டு என் சொல்லுக்குக் காத்திருப்பான்.

இந்த நாற்பது லிட்டர் அவன் தங்கை கிர்ஸ்டியின் கல்யாணத்துக்கு. திரும்பக் காய்ச்சுவதென்றால் இன்றைக்கே அடுப்பேற்ற வேண்டும். அதற்குமேல் நாள் இல்லை.

முளைகட்டிய பார்லியை அறுபத்தாறு டிகிரி நீரில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் பீர் சப்பென்று ஆகிவிடும். பெட்டி அறுபத்தாறு என்று காட்டினாலும் பாத்திரத்துக்குள் அறுபத்திரண்டுதான் இருந்திருக்கிறது என்பது லாக்லனின் முடிவு.

"ஐஸ் தண்ணில சென்சார் பூஜ்யம் புள்ளி ஒண்ணு காட்டுது" என்றான்.

"கொதிக்கற தண்ணில?"

"தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு."

மலைச்சரிவில் தண்ணீர் நூறுக்குச் சற்று முன்பே கொதிக்கும், எங்கள் தெருவுக்கு அது சரியான எண். புது சென்சாரும் அதையே காட்டியது. பெட்டியில் காதை வைத்து, மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் ரிலே ஒட்டிக்கொள்கிறதா என்று கேட்டான். ஒழுங்காக டிக், டிக் என்றது. பரிசோதனைக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த கண்ணாடி வெப்பமானியைப் பாத்திரத்தில் மூன்று இடங்களில் விட்டுப் பார்த்தோம். அறுபத்தாறு, அறுபத்தாறு, அறுபத்தைந்தரை.

பிறகு புளித்த பீரில் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையை இறக்கினேன். வெறும் தண்ணீரில் அது ஆயிரம் காட்டும்.

"எவ்ளோ?"

"ஆயிரத்துப் பதிமூணு."

"சப்புனு இருந்தா ஆயிரத்து ஆறு, ஏழுல்ல வரணும்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் தண்ணி மாதிரி இருக்கு?"

மிதவையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"நீயே குடிச்சுப் பாரேன்" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு எல்லாமே பீர் மாதிரிதான் இருக்கு."

தினமும் காலையில் காபி டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகிறேன். பிறகு மூடி வைக்கிறேன். பரிசோதனைக்கூடத்தில் ஒருநாள் அம்மோனியா புட்டியைத் திறந்தேன். கண் எரிந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் வந்த சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. மற்றது திரும்பிவிடும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று.

கிர்ஸ்டி ஒரு தட்டு சீஸ் ரோலோடு வந்தாள்.

"என்னடா, என் கல்யாண பீர் இன்னும் ஐசியூலயா?"

டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். "நல்லாத்தானே இருக்கு."

"நீ பேசாதே. போன வருஷம் கெட்டுப்போனத மூணு டம்ளர் குடிச்சவ நீ."

"அது பாசம்டா, எருமை." என் பக்கம் தட்டை நீட்டினாள். "கொஞ்சம் கருகிடுச்சு. போன் பேசிட்டு நின்னுட்டேன். வீடு பூரா நாத்தம். நீ அடுப்பு பக்கத்துலதானே ஐஸ் எடுத்துட்டு இருந்தே? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"கவனிக்கல."

ஒன்றைக் கடித்தேன். சூடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. உப்பு. வெங்காயம் என்பது பல்லில் பட்டதால் தெரிந்தது.

லாக்லன் முக்காலியில் உட்கார்ந்தான். மூன்று நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வந்தவன். கண்ணோரம் சிவந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தான்.

"வயர்ல தப்பு இல்ல, பெட்டில தப்பு இல்ல. எங்கயோ நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன்" என்றான். "கொட்டிடலாம். இப்பவே புதுசா ஆரம்பிக்கலாம்."

"ஐல்சா சொன்னா கொட்டு. நீ சொல்லிக் கொட்டாதே" என்றாள் கிர்ஸ்டி, என்னைக் காட்டி.

அவன் எழுந்து பீப்பாயை வாசல்வரை உருட்டிக்கொண்டு போனான். பீப்பாயின் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சாக்கடைக் கம்பிகளுக்கு மேல் போட்டான். திறப்பதற்கு முன் ஒரு டம்ளர் மட்டும் பிடித்து வந்து என் கையில் கொடுத்தான்.

"கடைசியா ஒரு தடவை மோந்து சொல்லு, மூக்கம்மா. நீ சொன்னா சரி."

கிர்ஸ்டி மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டு பேரும் என் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். டம்ளருக்குள் மூக்கை விட்டேன். கண்ணாடி விளிம்பு மேலுதட்டில் பட்டது. உள்ளே மூச்சை இழுத்தேன், நீளமாக. என் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, மெல்லக் கரைந்தது.

அவன் கை ஏற்கெனவே குழாயின் மேல் இருந்தது.

"லாக்லன், சூடு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். "எனக்குத்தான் எதுவும் மணக்கல. முப்பத்தோரு நாளா, எதுவுமே."