பத்து நிமிட நேர்கோடு

என் மச்சான் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு விலையே கிடையாது. ஆனாலும் அக்கா அவரைப் படியவைத்துவிட்டாள். புதுக் கைக்கடிகாரம் கேட்டார். பழசுக்குப் புது வார் என்று முடிந்தது.

எங்கள் பட்டறையில் அக்கா கருவி செய்வாள், மச்சான் விற்பார், நான் திருகு முடுக்குவேன். புதுக் கருவி, குறுகிய ஒளித்துடிப்பை அளப்பது. நொடியைக் கோடியாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாக நறுக்கினால் கிடைப்பதுதான் அந்தத் துடிப்பின் ஆயுசு. அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடி இழைகளில் ஓடவிட்டுச் சேர்த்தால், ஒன்றின் அலை மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது என்று திரையில் ஒரு கோடு சொல்லும்.

ஒரே வில்லங்கம், இழைக்குக் காது உண்டு. பக்கத்தில் பேசினால் கோடு ஆடும். மச்சான் பேசினால் கூத்தாடும். போன தடவை, "கோடு ஆடவே ஆடாதுங்க!" என்று இவர் முழங்க முழங்க அது எகிறிக் குதித்தது. வந்தவர் காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார். இதுவும் விற்காவிட்டால் மாதக் கடைசியில் பட்டறையைக் காலி செய்ய வேண்டும்.

இன்று வந்தவர் ஓர் ஆய்வுக்கூடத்தின் கொள்முதல் அதிகாரியம்மா.

"பத்து நிமிஷம் கோடு நேரா நின்னா எடுத்துக்கிறேன்."

"அதுவரைக்கும் யாரும் பேசக்கூடாதுங்க," என்றாள் அக்கா, மச்சானைப் பார்த்து.

"என்னை ஏன் பாக்குற? நான் என்ன..."

"வார்," என்றாள். அடங்கினார்.

கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. சும்மா இருக்க முடியாத அதிகாரியம்மா கைபேசியில் ஒரு தொகையைத் தட்டி மச்சானிடம் நீட்டினார். நாங்கள் நினைத்த விலையில் பாதி. அதற்கே சரி என்று சொல்ல மச்சானின் நாக்கு துடித்தது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அதிகாரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தொகையைக் கூட்டினார். மச்சானின் முகம் சிவந்தது. இன்னும் கூட்டினார். கண்ணில் நீர் முட்டியது. அடுத்த தடவை முழு விலையே வந்தது.

பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது.

"இவ்வளவு அழுத்தமான ஆளை நான் பாத்ததே இல்ல," என்று கையெழுத்துப் போட்டார்.

"அய்யோ, நான் முதல்லயே..."

அக்கா அவர் காலை மிதித்தாள். அணைக்காமல் விட்ட திரையில் அந்த 'அய்யோ' மலையாக எழுந்தது.

"அது என்ன?"

"சந்தோஷங்க," என்றாள் அக்கா.

வரவு, பத்து நிமிட மௌனம். செலவு, ஒரு கடிகார வார். பாக்கி, அந்தப் பத்து நிமிடத்தில் மச்சான் பேசாமல் விட்ட பேச்சு. சாப்பாட்டு மேசையில் வட்டியோடு இன்னும் வசூலித்துக்கொண்டிருக்கிறார்.